செர்பிய மாணவர்கள் ஏன் வெளிநாடு போகத் துடிக்கிறார்கள்? அது அவ்வளவு சுலபமா?

சம்பளம் பாதிக் காரணம்தான். கட்சிக்காரர் சிபாரிசு இல்லாமல் அரசு வேலை கிடைக்காது என்ற கசப்பு அதைவிடப் பெரிது என்பேன்.

போவது சுலபம், தங்குவதுதான் கஷ்டம். 2009 டிசம்பரிலிருந்து ஷெங்கன் நாடுகளுக்கு (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) விசா தேவையில்லை. ஆனால் 180 நாளில் 90 நாள்தான், வேலை பார்க்கக் கூடாது. செர்பியா 2012 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் வேட்பாளர் நாடாக வாசலிலேயே நிற்கிறது, இன்னும் உறுப்பினர் ஆகவில்லை. அதனால்தான் தலைநகர் பெல்கிரேடில் நர்சிங் படிக்கிற பெண் சாயங்காலம் ஜெர்மன் வகுப்புக்கு ஓடுகிறாள். ஜெர்மனியில் நர்ஸாகப் பதிவு செய்ய பெரும்பாலும் பி2 அளவு ஜெர்மன் மொழிச் சான்றிதழ் கேட்பார்கள்.

1968 தொழிலாளர் ஒப்பந்தத்தில், செர்பியாவும் அடங்கியிருந்த அன்றைய யூகோஸ்லாவியாவிலிருந்து மேற்கு ஜெர்மனிக்குப் போனவர்களின் சொந்தபந்தம் இன்றும் கைகொடுக்கிறது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஒரு சித்தப்பா இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி!

ஆனாலும், 2024 நவம்பரில் செர்பியாவின் நோவி சாத் நகர ரயில் நிலையக் கூரை இடிந்து பலர் இறந்தபின் மாதக்கணக்கில் தெருவில் இறங்கிப் போராடியதும் இந்தத் தலைமுறை மாணவர்கள்தான்.