வட அமெரிக்காவில் வசந்தம் தொடங்கும்போது பூக்கும் காட்டுப்பூக்களில் கட்டாயம் பார்க்க வேண்டியது எது?

பெரும்பாலானவர்கள் டிரில்லியம், பிளட்ரூட், ஹெபாட்டிகா என்றுதான் சொல்வார்கள். மூன்றும் அழகு, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கண்டத்தின் கிழக்குப் பகுதியில் இருப்பவர் என்றால் என் பதில் ஸ்கங்க் கேபேஜ். மற்றவை தலைகாட்ட இன்னும் பல வாரங்கள் இருக்கும்போதே, பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்தில் சதுப்பில் இது பூத்து நிற்கும். குளிர் குறைவான ஆண்டுகளில் அதற்கும் முன்னாலேயே.

பூ என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எதையாவது நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். கருஞ்சிவப்பும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்த ஒரு தடித்த பாளை, ஒரு சாண் உயரம்கூட இருக்காது, சேற்றிலிருந்து நேராகக் கிளம்பி நுனி வளைந்து நிற்கும். இலை ஒன்றும் இருக்காது, அது பின்னால் வரும். பாளையின் ஒரு பக்கம் திறப்பு இருக்கும். குனிந்து உள்ளே பார்த்தால் உருண்டையாக ஒரு கதிர், அதன் மேல் பொடிப்பொடியாக ஏராளமான பூக்கள். உண்மையான பூக்கள் அவைதான். சேம்பு, கருணைக்கிழங்கு எல்லாம் அடங்கிய அதே குடும்பம் இது. அந்தூரியத்தை அருகில் பார்த்திருந்தால் இந்த அமைப்பு உடனே பிடிபடும்.

சரி, இதில் அப்படி என்ன இருக்கிறது? சூடு. இந்தக் கதிர் தனக்குத் தேவையான வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ரோஜர் நட்சன் என்ற தாவரவியலாளர் இதை அளந்து 1974-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். வெளியே காற்று மைனஸ் 15 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது, கதிர் அதைவிட 15 முதல் 35 டிகிரி அதிகச் சூட்டில் இருந்தது. அதுவும் ஏதோ ஒரு மதிய நேரத்தில் இல்லை, குறைந்தது 14 நாட்களுக்குத் தொடர்ந்து. தரைக்கடியில் சேமித்து வைத்த மாவுச்சத்தை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து இந்த வெப்பம் வருகிறது. அதே அளவுள்ள ஒரு வெப்ப ரத்தப் பிராணிக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு இதற்கும் செலவாகிறது. வெளியே குளிர் கூடினால் எரிப்பைக் கூட்டும், குளிர் விட்டால் குறைத்துக்கொள்ளும். ஒரு செடி இதைச் செய்கிறது என்பதை முதலில் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. பின்னால் ஒரு குளிர்ந்த காலையில் பாளைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு நன்றாகவே தெரிந்தது.

பனியை உருக்கிக்கொண்டு வெளியே வரும் பூ என்று இதைப் பற்றி எங்கும் எழுதுகிறார்கள். சுற்றிலும் வட்டமாகப் பனி உருகியிருப்பது உண்மைதான், புகைப்படத்துக்கும் நன்றாக இருக்கும். ஆனால் அதற்காகத்தான் இந்தச் சூடு என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பனியே இல்லாத இடத்திலும் இது சூடாகத்தான் இருக்கிறது. பூ உறைந்துபோகாமல் காப்பது, வாடையைத் தூரம் பரப்புவது, குளிரில் திரியும் பூச்சிக்கு ஒதுங்க இடம் தருவது எல்லாம் இதைவிடப் பொருத்தமான காரணங்கள். அழுகல் வாடைக்கு வரும் ஈக்களும் வண்டுகளும்தான் இதன் வாடிக்கையாளர்கள். தேனீக்களும் மகரந்தத்துக்காக எட்டிப் பார்க்கும், அந்த நேரத்தில் வேறு கடை திறந்திருக்காதே! பாளை வாயில் வலை கட்டிக் காத்திருக்கும் சிலந்திகளையும் பார்க்கலாம்.

நாற்றத்துக்குப் பயந்து போகாமல் இருக்க வேண்டாம். நாற்ற நீரைப் பீய்ச்சியடிக்கும் ஸ்கங்க் விலங்கின் வாடை என்று பெயரே சொன்னாலும், பூவுக்கு மிக அருகில் மூக்கைக் கொண்டுபோனால்தான் தெரியும். இலையைக் கசக்கினால் கதை வேறு.

மேட்டு நிலத்தில் தேடாதீர்கள். ஓடைக்கரை, ஊற்று கசியும் சரிவு, ரெட் மேப்பிள் மரங்கள் நிற்கும் சதுப்பு, இவைதான் இதன் இடம். வடக்கே நோவா ஸ்கோஷியா, கியூபெக்கிலிருந்து மேற்கே மினசோட்டா, தெற்கே வட கரோலைனா, டென்னசி வரை காணலாம். டென்னசியில் மட்டும் இது அரிது. அடுத்த ஆண்டுக்கான மொட்டுகள் இலையுதிர் காலத்திலேயே கூர் கூராகத் தரைக்கு மேல் தெரியும், அப்போதே இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டால் பிப்ரவரியில் அலைய வேண்டாம். மரப்பலகை நடைபாதை உள்ள சதுப்பு நிலப் பூங்கா என்றால் இன்னும் நல்லது. வெறும் சேற்றில் இறங்கினால் முழங்கால் வரை போகும், செடியும் மிதிபடும்.

வீட்டுத் தோட்டத்துக்குப் பிடுங்கிக்கொண்டு வரலாமா என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது. இதன் வேர்கள் சுருங்கும் தன்மை உள்ளவை. ஆண்டுதோறும் சுருங்கிச் சுருங்கித் தண்டை மண்ணுக்குள் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். வயதான செடியைத் தோண்டி எடுப்பது மண்வெட்டிக்குத்தான் கேடு.

ஏப்ரல், மே மாதங்களில் போனால் பூ இருக்காது. அகலமான இலைகள் சதுப்பை மூடியிருக்கும், கோடை முடிவதற்குள் அவையும் கரைந்து போய்விடும். குளிர்காலத் தூக்கம் முடிந்து எழும் கரடிகள் இளம் இலையைத் தின்னும். அதைப் பார்த்து நாமும் பறித்துச் சமைக்க வேண்டாம். சேம்பில் இருக்கும் அதே கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இதிலும் உண்டு, வாயும் தொண்டையும் எரியும். அதைவிடப் பெரிய ஆபத்து, அதே ஈர நிலத்தில் அதே சமயத்தில் முளைக்கும் ஃபால்ஸ் ஹெலிபோர் என்ற செடி. அது கடும் விஷம். அதன் இலைகளில் மடிப்பு மடிப்பாக இணை நரம்புகள் ஓடும், இலைகள் நிமிர்ந்த ஒரே தண்டைச் சுற்றி அமைந்திருக்கும். ஸ்கங்க் கேபேஜில் நரம்புகள் வலைப்பின்னலாக இருக்கும், ஒவ்வொரு இலையும் தரையிலிருந்தே தனித்தனியாகக் கிளம்பும். சந்தேகம் இருந்தால் இரண்டையுமே தொடாமல் வந்துவிடுங்கள்.