ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்தால் ரூம் குளிருமா?

கேள்வி: கத்திரி வெயிலுக்கு ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்துவிட்டு, முன்னால் பாய் போட்டுப் படுக்கிறார் என் வீட்டுக்காரர். ஆனால் ரூம் இன்னும் புழுங்குகிறதே, ஏன்?
– வாசகி, காட்பாடி

பதில்: புழுங்கத்தான் செய்யும். ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து, பின்பக்கக் கம்பிச்சுருள் வழியாக அதே ரூமில் கொட்டுகிறது. புது மாடல் என்றால் பக்கச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், சுடும். போதாததற்கு, கம்ப்ரஸர் இழுக்கும் கரண்டும் சூடாகத்தான் மாறும். 150 வாட் இழுத்தால் 150 வாட் ஹீட்டர் போட்ட கணக்கு! கதவு திறந்திருப்பதால் கம்ப்ரஸர் நிற்காது, பாலும் திரிந்துபோகும்.

ஏர் கூலர் வாங்குங்கள். வேலூரின் வறண்ட வெயிலுக்கு நன்றாக எடுபடும். ஆனால் ஜன்னலைச் சாத்திவிடாதீர்கள் (அவர் அதையும் செய்வார் போலிருக்கிறது). ஈரக்காற்று வெளியேறாவிட்டால் ரூம் இட்லிக் குண்டான்தான். கூலரை ஒரு ஜன்னலோரம் வைத்து எதிர் ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.