வெள்ளையை முதலிலேயே விட்டு வையுங்கள்

கேள்வி: எட்டு வருடமாகக் குழந்தைகள் புத்தகங்களுக்குக் கம்ப்யூட்டரில்தான் படம் வரைகிறேன். இப்போது எதை வரைந்தாலும் ஒரே மாதிரி இருக்கிறது. ஆசைப்பட்டு வாட்டர் கலர் வாங்கினேன். தாள் நெளிகிறது, வண்ணம் சேறாகிறது. தப்பு வந்தால் இடது கை தானாக ‘அன்டூ’வைத் தேடுகிறது. இனிமேல் எனக்குக் கைவருமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: கட்டாயம் வரும். உருவமும் அளவும் உங்கள் கைக்குத் தெரியும். பழக வேண்டியது தண்ணீரோடு மட்டும்தான்.

முதலில் தாளை மாற்றுங்கள். 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) வாட்டர் கலர் தாள் வாங்கி, நான்கு ஓரமும் மாஸ்கிங் டேப் போட்டுப் பலகையில் ஒட்டுங்கள். நெளிவது பெருமளவு குறையும். விலை கொஞ்சம் கூடத்தான், பாதியாக வெட்டிக்கொள்ளலாம்.

சேறாவதற்குப் பெரும்பாலும் அவசரம்தான் காரணம். முதல் பூச்சு அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது அடுத்ததைப் பூசினால், அடியில் இருப்பது கலைந்துவிடும். புறங்கையால் தாளை லேசாகத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. பார்வைக்குக் காய்ந்த மாதிரிதான் தெரியும், நம்பாதீர்கள்.

அப்புறம், வெள்ளை. கம்ப்யூட்டரில் கண்ணுக்குள் இருக்கும் ஒளிப்புள்ளியைக் கடைசியில் மேலே வைத்துவிடலாம். வாட்டர் கலரில் தாள்தான் வெள்ளை. நிலா வேண்டுமென்றால் அந்த வட்டத்தை முதலிலேயே விட்டுவிட்டு, சுற்றித்தான் இருட்டைப் பூச வேண்டும். அதாவது, பிரஷ்ஷைத் தொடும் முன்பே முழுப் படமும் மனதில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று வரைந்து வரைந்துதான் உங்கள் படங்கள் ஒரே மாதிரி ஆகியிருக்கின்றன என்று நினைக்கிறேன்.

ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய், சிலைகளுக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தவர். ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடர் அப்படி வந்ததுதான். உங்களுக்கு ஸ்ரீரங்கம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே கோயிலில், சேஷராயர் மண்டபத் தூண்களில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரைகளில் ஒன்றைப் பென்சிலில் வரையுங்கள். ரப்பர் எடுத்துப் போக வேண்டாம். கோடு தப்பினால் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள், இரண்டும் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து, அந்தக் குதிரை ஒரு ராத்திரி தூணிலிருந்து இறங்கினால் எங்கே போகும் என்று யோசியுங்கள். நான்கு ஏ4 தாள்களைச் சேர்த்து நடுவில் மடித்தால் 16 பக்கம். கதையை அதில் சின்னச் சின்னதாகக் கிறுக்கிப் பாருங்கள். எழுத்துக்கு இடம் விடுங்கள். குதிரையின் முகம் மட்டும் நடு மடிப்பில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.