ஜெபத்துக்கு நடுவே வரும் கொரிய வார்த்தைகள்

கேள்வி: எனக்கு 23 வயது. பாளையங்கோட்டையில் இருக்கிறேன். பி.காம். முடித்துவிட்டு ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பத்து மாதமாக ஆன்லைன் வகுப்பில் கொரிய மொழி படிக்கிறேன். நாடகம் பார்க்கப்போய் வந்த ஆசைதான். இப்போது எழுத்துக்கூட்டி வாசிப்பேன், சின்னச் சின்ன வாக்கியம் எழுதுவேன். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "வேதத்துக்குப் பத்து நிமிஷம், கொரியனுக்கு ரெண்டு மணி நேரமா?" என்று கேட்கிறார்கள். வாலிபர் கூடுகையில் ஒரு அக்கா, "அது உனக்கு விக்கிரகமாயிட்டு" என்று சொல்லிவிட்டார்கள். ஜெபம் பண்ணும்போதும் கொரிய வார்த்தைகள்தான் மனசில் ஓடுகின்றன. பயந்துபோய் மூன்று வாரமாக நோட்டைத் தொடவில்லை. ஆனால் ஜெபமும் முன்னைப்போல இல்லை. நான் இதை விட்டுவிடணுமா ஆன்டி? (பெயர் போட வேண்டாம்.)

பதில்:

அன்பு மகளுக்கு, ஸ்தோத்திரம்.

விட வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதியை நிதானமாக வாசி.

உன் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது கடைசிக்கு முந்தின வரியை. நோட்டை மூடி மூன்று வாரம் ஆன பிறகும் ஜெபம் முன்னைப்போல இல்லை என்கிறாய். விக்கிரகத்தைத் தூக்கி வெளியே போட்டவர்களுக்கு ஒரு விடுதலை வரும், உனக்கு அது வரவில்லை. அதனால், உன் ஜெபத்துக்குக் குறுக்கே நிற்பது அந்த நோட்டு என்று எனக்குத் தோன்றவில்லை. தேவன் உன்மேல் கோபமாக இருக்கிறாரோ என்ற பயத்தோடு முழங்கால் போடுகிறாய். அந்தப் பயத்தோடு யாருக்குத்தான் ஜெபம் ஓடும்?

தானியேல் முதல் அதிகாரத்தை எடுத்துப் பார். பாபிலோன் ராஜா அந்த யூத வாலிபர்களுக்கு இரண்டு ஏற்பாடு செய்கிறான். ஒன்று, தன் மேஜையிலிருந்து போஜனமும் திராட்சரசமும். இன்னொன்று, மூன்று வருஷப் படிப்பு: கல்தேயருடைய எழுத்தும் பாஷையும். தானியேல் போஜனத்தை வேண்டாமென்றார், பாஷையை வேண்டாமென்று சொல்லவே இல்லை. தன் ஊரைச் சூறையாடினவர்களின் பாஷை அது. வெறுத்து ஒதுக்க அவருக்கு உன்னைவிட ஆயிரம் மடங்கு காரணம் இருந்தது. உட்கார்ந்து படித்தார். அந்த எழுத்திலும் ஞானத்திலும் அறிவைக் கொடுத்தவர் தேவன்தான் என்று 17ஆம் வசனம் சொல்கிறது. எங்கே கோடு போட வேண்டும், எங்கே வேண்டாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உன் கோடு எது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்குமுன் என் கதை ஒன்று. எனக்கு 24 வயதில் வீணை கற்றுக்கொள்ள ஆசை. நான்கு மாதம் போனேன். "இது நமக்கு ஆகாதும்மா" என்று சபையில் ஒரு பெரியவர் சொன்னார். அப்பா முகம் வாடியது. விட்டுவிட்டேன். காலியாகிப்போன அந்த சாயங்கால ஒரு மணி நேரத்தில் நான் ஒருநாளாவது கூடுதலாக ஜெபித்தேனா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். இல்லை மகளே. தூங்கினேன், பக்கத்து வீட்டில் போய்ப் பேசிக்கொண்டிருந்தேன். ஆசையாகச் செய்த ஒன்றைப் பிடுங்கிவிட்டால் அந்த இடத்தில் பக்தி தானாக முளைத்துவிடாது. முப்பத்திச் சொச்சம் வருஷம் கழித்து இன்னும் அந்த வீணை எனக்கு வலிக்கிறது. உனக்கு அது வரக்கூடாது என்றுதான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

நீ படிக்கிற அந்த எழுத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உன் அம்மாவிடமும் சொல். 1443இல் செஜோங் ராஜா ஹங்குலை உருவாக்கி, 1446இல் வெளியிட்டார். புத்திசாலி ஒரு காலைப் பொழுதுக்குள் கற்றுவிடலாம், மந்தமானவனுக்கும் பத்து நாள் போதும் என்று அதற்குப் பின்னுரை எழுதிய அறிஞர் சொன்னார். ஆனால் படித்த மேல்குடியினர் அதைச் சீண்டவில்லை. சீன எழுத்துதான் கௌரவம். ஹங்குல் பாமர எழுத்து, பெண்பிள்ளைகள் கடிதம் எழுதிக்கொள்கிற எழுத்து என்று நானூறு வருஷத்துக்கு மேல் இளக்காரமாக வைத்திருந்தார்கள்.

சுவிசேஷம் அந்த எழுத்தில்தான் கொரியாவுக்குள் போனது. மிஷனரிகள் கொரியாவுக்குள் கால் வைக்க முடியாத காலத்தில், ஜான் ராஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மஞ்சூரியாவில் இருந்துகொண்டு, எல்லை தாண்டி வரும் கொரிய வியாபாரிகளிடம் மொழி கற்றார். 1877இல் மற்றவர்களுக்காக அவர் ஒரு பாடப் புத்தகமும் போட்டார். அதில் முதல் வாக்கியமே, நான் கொரிய மொழி கற்க வேண்டும் என்பதுதான். நீ பத்து மாதத்துக்கு முன் சொன்ன அதே வாக்கியம்! ராஸும் அந்த வியாபாரிகளும் சேர்ந்து 1882இல் லூக்கா சுவிசேஷத்தையும், 1887இல் புதிய ஏற்பாடு முழுவதையும் ஹங்குலில் அச்சிட்டார்கள். அவர்களில் ஒருவரான சோ சாங்-ரியுன், நோயில் விழுந்து மிஷனரிகளின் பராமரிப்பில் பிழைத்தவர். அவர் புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் திரும்பினார். 1885 ஈஸ்டர் அன்று மிஷனரிகள் அண்டர்வுட்டும் அப்பென்செல்லரும் கப்பலிலிருந்து இறங்குவதற்கு முன்பே, சோரே என்ற கிராமத்தில் ஒரு சின்ன சபை கூடிக்கொண்டிருந்தது. கத்தோலிக்கர்கள் அதற்கும் நூறு வருஷம் முந்தி. அங்கேயும் புத்தகம் படித்த அறிஞர்கள்தான் முதலில் விசுவாசித்தார்கள், குருமார்கள் பிறகுதான் வந்தார்கள்.

நம் கதையும் இதுதானே. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் எழுத்துப் பழகினார். யாரோ ஒரு வெளியூர்க்காரர் நம் பாஷையை ஆசையாகக் கற்றுக்கொண்டதால்தான் உன் அம்மா கையில் இன்று தமிழ் வேதம் இருக்கிறது.

இதையெல்லாம் வைத்து, "நான் மிஷனரி ஆகப்போகிறேன், அதற்காகத்தான் படிக்கிறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிடாதே. அப்படிச் சொன்னால் வீட்டில் உடனே சரியாகிவிடும், அந்த அக்காவும் உனக்காக ஜெபிப்பார்கள். ஆனால் அது பொய். அழைப்பு வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு, எனக்கு இந்த பாஷை பிடித்திருக்கிறது என்பதே போதுமான காரணம். தைக்கக் கற்றுக்கொள்கிறவளிடம், இதனால் ஆத்தும ஆதாயம் என்ன என்று நாம் கேட்பதில்லையே.

சரி, கோட்டுக்கு வருவோம். அம்மா கேட்ட கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதை நழுவ விடாதே. ஒரு வாரத்துக்குக் கணக்கு எழுது. நீ ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறவள், கணக்கு வராமலா போகும்? இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு நேரம் நோட்டும் பேனாவும், எவ்வளவு நேரம் அடுத்த எபிசோடு? நாடகம் பார்ப்பதைப் பாடத்தில் சேர்த்து எழுதாதே. என் அனுமானம், உண்மையான படிப்பு ஐம்பது நிமிஷத்தைத் தாண்டாது. அப்படி இருந்தால் அந்த ஐம்பது நிமிஷத்தை வைத்துக்கொள், மீதியில் ராத்திரித் தூக்கத்தைத் திருப்பி எடுத்துக்கொள். காலையில் வேதம் பத்து நிமிஷத்தில் முடிவதற்குக் காரணம் கொரியனா, பன்னிரண்டு மணிக்குப் படுப்பதா என்பது உனக்கே தெரிந்துவிடும்.

ஜெபத்தில் வார்த்தைகள் ஓடுவதைப் பற்றி இவ்வளவு பயப்பட ஒன்றுமில்லை. புதிதாக ஒன்றைக் கற்கிற மூளை அமைதி கிடைத்த உடனே அதை உருப்போடும். அன்றைக்குப் பாட்டு கிளாஸ் போய்வந்த பிள்ளைக்குச் சோறு வடிக்கும்போதும் அந்த ராகம்தான் வாயில் வரும். வந்தால் துரத்தாதே. "கம்சாஹம்னிதா" என்று வந்தால் அதையே தேவனிடம் சொல்லிவிட்டுத் தமிழுக்குத் திரும்பு. நன்றி எந்த பாஷையிலும் நன்றிதான். ஆனால் காலைத் தியானத்தையே கொரியப் பயிற்சியாக்கிவிடாதே. சிலர் அப்படி யோசனை சொல்வார்கள், நான் சொல்லமாட்டேன். வாய் திக்காமல் அழக்கூடிய பாஷையில் ஜெபம் இருக்கட்டும்.

ஞாயிறு மத்தியானம் வேறு. அப்போது கொரிய வேதத்தில் மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொள். கதை உனக்கு மனப்பாடம், அதனால் புது வார்த்தைக்கு அர்த்தம் தானாகப் புலப்படும். ஒரு எச்சரிக்கை: கொரிய சபைகளில் பரவலாக வாசிக்கிற மொழிபெயர்ப்பு, நம் பழைய திருப்புதல் மாதிரி, பழைய நடை. அதன் வினை முடிவுகளை வைத்து நீ கடையில் பேசினால், காய்கறிக்காரரிடம் "சொல்வீராக" என்று கேட்ட மாதிரி இருக்கும். இன்றைய பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கிற புதிய மொழிபெயர்ப்புகளும் இருக்கின்றன, அதில் ஒன்றைத் தேடு. தேவனைப் புராட்டஸ்டண்டுகள் "ஹனனிம்" என்பார்கள், கத்தோலிக்கர் "ஹனுனிம்" என்பார்கள். நாம் ஜெபம் என்று எழுதுவதை நம்மூர்க் கத்தோலிக்கர் செபம் என்று எழுதுகிற மாதிரிதான்.

பரமண்டல ஜெபத்தையும் பார். உம்முடைய நாமம், உம்முடைய ராஜ்யம் என்று நாம் சொல்கிறோம். நீயும் இல்லாமல் நீங்களும் இல்லாமல் நமக்கென்று ஒரு "நீர்" இருக்கிறது. கொரியனில் பெரியவர்களை அப்படி "உம்முடைய" என்று சுட்டிப் பேசினால் மரியாதைக் குறைவு. அதனால் பழைய வடிவத்தில் அந்தச் சொல்லையே விட்டுவிட்டார்கள். பிறகு வந்த புதிய வடிவத்தில் ஒவ்வொரு தடவையும் "அபோஜியின்", அதாவது தகப்பனின் நாமம், தகப்பனின் ராஜ்யம் என்று வருகிறது. இதைப் படித்த அன்று நான் தமிழிலும் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். எத்தனையோ வருஷமாக வாய் மட்டும் சொல்லிவந்த ஜெபம் அன்று புதிதாக இருந்தது. இன்னொரு பாஷை நம் விசுவாசத்துக்கு இப்படியும் ஒன்று செய்யும்.

வேலையைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். டோபிக் என்ற கொரிய மொழித் திறன் தேர்வில் முதல் தேர்வுக்கு ஒரு தேதி வைத்துக்கொள். கேட்டலும் வாசித்தலும் மட்டும்தான், 200 மதிப்பெண். 80 எடுத்தால் முதல் நிலை, 140 எடுத்தால் இரண்டாம் நிலை. தேதி இருந்தால் படிப்பு படிப்பாக இருக்கும். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியக் கம்பெனிகளும் அவற்றுக்கு உதிரிபாகம் கொடுக்கிற கம்பெனிகளும் நிறைய. கணக்கும் தெரிந்து கொரியனும் தெரிந்த பெண்ணுக்கு அங்கே ஒரு மதிப்பு உண்டு. முதல் இரண்டு நிலையை வைத்து வேலை கிடைத்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதே, அதற்கு இன்னும் மேலே போக வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. நீ கிறிஸ்தவப் பெண், கொரியன் படிக்கிறாய் என்று தெரிந்தால், "இலவசமாகச் சொல்லித் தருகிறோம், கூடவே வேதபாடமும்" என்று ஆன்லைனில் அழைப்பு வரலாம். நல்ல சபைகளும் அப்படி அழைக்கும். ஆனால் தங்கள் சபையின் பெயரைச் சொல்லாமல் பேசுகிற, இதை வீட்டில் சொல்லாதே என்கிற, கொரியாவின் பெரிய சபைகளே ஏற்காத குழுக்களும் இருக்கின்றன. பெயர் சொல்லாதவர்களிடம் படிக்காதே. எந்த வகுப்பானாலும் அம்மாவுக்குத் தெரிந்ததாக இருக்கட்டும். இன்னொன்று, கொரியா முழுக்கக் கிறிஸ்தவ தேசம் என்று நினைத்துக்கொள்ளாதே. 2015 கணக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்களுக்கு மதமே இல்லை என்றுதான் சொன்னார்கள்.

அம்மாவைப் பற்றி. அவர்கள் வேதத்தைச் சொல்லிக் கேட்கிறார்கள், ஆனால் உள்ளே இருக்கும் பயம் வேறாக இருக்கலாம் என்று ஒரு தாயாக எனக்குப் படுகிறது. 23 வயது மகள், வீட்டில் யாருக்கும் புரியாத பாஷையில் கதவைச் சாத்திக்கொண்டு முணுமுணுக்கிறாள். இவள் எங்கே போய்விடுவாளோ, யாரிடம் பேசுகிறாளோ என்றுதான் இருக்கும். கதவைத் திற. சமையலறையில் உட்கார்ந்து படி. அங்கேயும் அப்பாவுக்கு அப்பா, அம்மாவுக்கு ஒம்மா என்று சொல்லிக் காட்டு. "சோனுன் க்யோஹ்வே-எ காயோ" என்றால் நான் கோவிலுக்குப் போகிறேன். அந்த "எ" நம் "கு" செய்கிற வேலையைச் செய்கிறது, சொற்களின் வரிசையும் மாறவில்லை என்று விளக்கு. இந்த ஒற்றுமையைப் பார்த்து அசந்துபோய், ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் நூற்றிச் சொச்சம் வருஷத்துக்கு முன்பே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணம் எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழி அறிஞர்கள் ஒத்துக்கொள்வதில்லை. ஆனாலும் அம்மாவுக்கு அந்த பாஷை அந்நியமாகத் தோன்றுவது குறையும். கொரிய சபைகளில் விடியும் முன்பே எழுந்து தினமும் கூடுகிற அதிகாலை ஜெபத்தைப் பற்றியும் சொல். அதை அவர்கள் நிச்சயம் உன் பக்கம் திருப்பிவிடுவார்கள், தயாராக இரு.

அந்த அக்காவிடம் சண்டைக்குப் போகாதே. அக்கறையில் சொன்னது. உன் நேரக் கணக்கை அவர்களிடமும் காட்டு.

இன்று ராத்திரி நோட்டை எடு. மூன்று வாரத்தில் பத்சிம் (அசையின் அடியில் வரும் கடைசி மெய்) விதிகள் கொஞ்சம் மறந்திருக்கும், அதற்காக முதல் பாடத்துக்குப் போய்விடாதே. நிறுத்திய இடத்துக்கு இரண்டு பாடம் முந்தி ஆரம்பி. பத்தரைக்கு மூடிவிடு. பரமண்டல ஜெபத்தை அம்மாவுக்குக் கொரியனில் வாசித்துக் காட்டினாயானால், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.