சமூகத் தோட்டத்தில் கைவேலை பழகலாம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் பகுதியில் சிலர் சேர்ந்து காலி மனையில் காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறார்கள். ஞாயிறுதோறும் போய் உதவினால் விவசாயம் கற்றுக்கொள்ள முடியுமா? என்ன வேலை கேட்டு வாங்க வேண்டும்?
– வாசகி, வேளச்சேரி

தாராளமாக முடியும். ஆனால் ஒரு பட்டம், அதாவது விதைப்பு முதல் அறுவடை வரையிலான பருவம், முழுக்கப் போக வேண்டும். ஆடியில் கத்தரி நாற்று விட்டால் கடைசிக் காய் பறிக்க ஐந்து மாதம் ஆகிவிடும்; நடுவில் வடகிழக்குப் பருவமழையும் வந்து போகும். நடவு நாளிலும் அறுவடை நாளிலும் எல்லோரும் வருவார்கள். பூச்சி விழுகிற வாரத்திலும் பாத்தியில் தண்ணீர் நிற்கிற வாரத்திலும் வருகிறவர்தான் தொழில் கற்கிறார்.

போனதும் நாற்றங்கால், உரக்குழி இரண்டில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நாற்றங்காலுக்கு 98 குழித் தட்டு போதும். தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. நார்க்கழிவுக் கட்டியை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிவதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். அதில் உப்பு இருக்கும். கழுவாமல் போட்டால் இலை ஓரம் கருகும். குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். தக்காளி 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 40 நாளிலும் நடவுக்கு வரும். வெண்டை, அவரை, முள்ளங்கிக்குத் தட்டு வேண்டாம்; நேராகப் பாத்தியில் ஊன்றுங்கள்.

தட்டில் நன்றாக முளைத்த தக்காளி நாற்றுகள் நான்கே நாளில் அடித்தண்டு நைந்து சாய்ந்துவிட்டன. விதை சரியில்லையா?
– வாசகர், திருவான்மியூர்

விதை மேல் பழி வேண்டாம். இது நாற்றழுகல், பூஞ்சையின் வேலை. தட்டு எப்போதும் ஈரமாக இருப்பது, ஒரே குழியில் நாலைந்து விதை போடுவது, காற்றோட்டம் இல்லாத நிழல் ஆகிய மூன்றும் அதை அழைத்து வரும். தண்ணீரைக் காலையில் மட்டும் தெளியுங்கள். அதற்கு முன் தட்டைக் கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. விதைநேர்த்திக்கு, அதாவது விதைக்கும் முன் விதையோடு கலக்க, டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூள், கிலோ விதைக்கு 4 கிராம். சிறு பாக்கெட் விதைக்கு ஒரு சிட்டிகை. சாய்ந்த நாற்றை மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். கழுவிக் காயவைக்காத தட்டில் மறுபடி விதைக்காதீர்கள்.

தெருப் பூங்காத் தோட்டத்தில் சமையல் கழிவை மட்க வைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். பத்தே நாளில் நாற்றம், புழு. பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், மதுரை

தோட்டத்தில் மிக அதிகம் கற்றுத் தரும் இடம் அந்தக் குழிதான், விட்டுவிடாதீர்கள். முதலில் மோந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை என்றால் ஈரம் மிஞ்சி உள்ளே காற்று இல்லை. கண்ணை எரிக்கிற அம்மோனியா நெடி என்றால் பச்சைக் கழிவு அதிகம், அதாவது தழைச்சத்து (நைட்ரஜன்) மிச்சம். இரண்டுக்கும் மருந்து காய்ந்த சருகு. ஒரு வாளி சமையல் கழிவுக்கு இரண்டு முதல் மூன்று வாளி சருகு போட வேண்டும். ஒவ்வொரு முறை கொட்டியதும் மேலே நான்கு விரல் உயரத்துக்குச் சருகு மூடியிருக்கட்டும்.

பல தோட்டங்களில் குழி நாறுவதற்குக் காரணம் சருகு இருப்பு இல்லாததே. வேம்பும் புங்கனும் இலையுதிர்க்கும் மாசி, பங்குனியிலேயே மூட்டை மூட்டையாகச் சேர்த்து, நனையாத இடத்தில் வையுங்கள். ஐப்பசி மழையில் தேடினால் காய்ந்த இலை ஒன்றுகூடக் கிடைக்காது.

குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் மூன்றடியாவது வேண்டும். சிறியதாக இருந்தால் சூடு தங்காது. சரியாகப் போட்டிருந்தால் இரண்டு மூன்று நாளில் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை போகும். களை விதையும் நோய்க் கிருமியும் சாவது அந்தச் சூட்டில்தான். சூடு இறங்கியதும் ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி புரட்டுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் சருகு சேருங்கள், பொடிந்தால் தண்ணீர் தெளியுங்கள். மீன், இறைச்சி, எண்ணெய்ப் பண்டம் வேண்டவே வேண்டாம்.

புழு தட்டையாக, தடித்த தோலோடு, பழுப்பு நிறமாக இருந்தால் அது கருப்புப் படைவீரன் ஈயின் புழு. கழிவை வேகமாகத் தின்று கரைக்கும், செடிக்குக் கெடுதல் இல்லை. மருந்து அடிக்காதீர்கள்.

மூன்று மாதம் வாக்கில் குவியல் ஆறி, மண்வாசனை வந்து, எது எந்தக் காய்த் தோல் என்று தெரியாத நிலைக்கு வரும். அப்போது சலித்துப் போடுங்கள். அரைகுறையாக மட்கியதைப் பாத்தியில் போட்டால் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். செடி வெளிறி நிற்கும்.

வெண்டை இலை மஞ்சளாகிறது. மற்ற தன்னார்வலர்கள் இன்னும் உரம் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– வாசகி, கோவை

நரம்பைப் பாருங்கள். நரம்பு மட்டும் மஞ்சள் வலையாகத் தெரிந்து இடைப்பகுதி பச்சையாக இருந்தால் அது நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது, உரத்தால் தீராது. அந்தச் செடியைப் பிடுங்கிவிட்டு, பூச்சி ஒட்டிக்கொள்ளும் பசை தடவிய மஞ்சள் அட்டையான மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். மீதிச் செடிகளுக்கு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், மாலை வேளையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. எண்ணெயை முதலில் காதி சோப்புக் கரைசலில் கலக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். கலக்காவிட்டால் எண்ணெய் மிதந்து, அது திட்டாக விழும் இலை கருகும்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். இங்கே எப்படிச் சேர்வது?
– வாசகர், சிங்கப்பூர்

தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் தொடங்கிய ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத் தோட்டங்கள் பல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்புப் பேட்டைகளில் உள்ளன. அவற்றைக் குடியிருப்பாளர் குழுக்களே நடத்துகின்றன. உங்கள் புளோக்குக்கு அருகிலுள்ள தோட்டத்துக்கு, ஆட்கள் வேலை செய்கிற நேரத்தில் நேரில் போய்க் கேளுங்கள். அங்கே பட்டம் பார்க்கத் தேவையில்லை. கங்குங் போன்ற கீரை மூன்று நான்கு வாரத்தில் பறிக்க வரும் என்பதால் சீக்கிரம் பழகலாம். வாளி, தொட்டித் தட்டு, கவிழ்க்காத பூவாளி எதிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கிக் கொசு அதில்தான் முட்டையிடும், அபராதமும் உண்டு.