கட்டியக்காரன் இல்லாத கூத்து

கேள்வி: பலரும் புகழ்ந்ததால் ‘தி வயர்’ தொலைக்காட்சித் தொடரைப் பார்க்கத் தொடங்கினேன். மூன்று பகுதிகள் முடிந்தும் யார் யாருடைய ஆள் என்பதே பிடிபடவில்லை. மூன்றாம் பகுதியில் ஒருவன் இரண்டு பையன்களுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கிறான். கதை நகரவே இல்லை. நான் எதைத் தவறவிட்டேன்?
— ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: குழப்பம் உங்கள் குறையன்று, சகோதரி. நம் முன்னோர் நேட்டாலுக்குக் கொண்டுவந்த தெருக்கூத்தில், இன்னார் வருகிறார், இதற்காக வருகிறார் என்று கட்டியக்காரன் முன்கூட்டியே சொல்லிவிடுவான். இந்தத் தொடரில் அவனுக்கு இடமில்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் குற்றச் செய்தியாளராக இருந்த டேவிட் சைமன், அந்நகரக் காவல்துறையில் துப்பறிவாளராக இருந்து பின்னர் பள்ளி ஆசிரியரான எட் பர்ன்ஸின் துணையோடு எழுதிய கதை இது. போதைப்பொருள் கும்பலின் தொலைபேசியை ஒட்டுக்கேட்கும் காவலருக்கு முதல் நாளில் எவ்வளவு புரியுமோ, அவ்வளவே நமக்கும் புரியட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். இன்ன இடத்தில் பதறு, இன்ன இடத்தில் அழு என்று உணர்த்தும் பின்னணி இசையும் ஏறக்குறைய இல்லை. காரிலோ கடையிலோ ஒலிக்கும் பாட்டுதான் காதில் விழும். முதல் பகுதியின் முடிவில், இறந்து கிடப்பவர் யார் என்று நினைவூட்ட நீதிமன்றக் காட்சியை ஒரு கணம் திரும்பக் காட்டினார்கள் அல்லவா? சானல் வற்புறுத்தியதால் சேர்த்தது அது. 2008 வரை வந்த 60 பகுதிகளில் அந்த உதவி மறுபடி கிடைக்காது.

இனி, சதுரங்கக் காட்சிக்கு வருவோம். கதை நகராததுபோல் தோன்றும் அங்கேதான் கதை முழுவதும் இருக்கிறது என்பது என் எண்ணம். சொல்லிக்கொடுக்கும் டிஏஞ்சலோ கும்பல் தலைவனின் சகோதரி மகன். பையன்களோ தெருமுனையில் போதைச் சரக்கு விற்பவர்கள். அவர்களுக்குப் புரியவேண்டும் என்பதற்காக ராஜாவைத் தன் மாமனோடும், நாம் யானை என்று அழைக்கும் காயைச் சரக்குப் பதுக்கும் வீட்டோடும் அவன் ஒப்பிடுகிறான். மறுகோடியை எட்டினால் தலைவனாகிவிடலாம் என்று ஆசைப்படும் பையனுக்கு, ராஜா என்றும் ராஜாதான், சிப்பாய்கள் சீக்கிரமே வெட்டுப்பட்டுப் போவார்கள் என்ற விடை கிடைக்கிறது. விளையாட்டு விதியைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு அந்தப் பையன்களின் விதியையே அவன் சொல்லிவிடுகிறான். அது அவனுக்கே உறைத்ததா என்பதை அவன் முகத்தில் மட்டுமே தேடவேண்டும். காட்சியை இன்னொருமுறை பாருங்கள், பேசுபவனை விட்டுக் கேட்பவர்களைக் கவனியுங்கள். நான்காம் பருவத்தின் கடைசிப் பகுதியில் அந்தப் பலகை ஒரே வரியில் திரும்பி வரும். யார் வாயிலிருந்து வருகிறது என்பதை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

பால்டிமோர்த் தெருப்பேச்சு எளிதில் பிடிபடாது. வசன எழுத்துகளை ஓடவிடத் தயங்காதீர்கள்.

முதல் பருவத்தின் நான்காம் பகுதியில் இரண்டு துப்பறிவாளர்கள், ஒரே ஒரு வசைச்சொல்லைத் தவிர வேறொன்றும் பேசாமல், ஒரு சமையலறையில் நடந்த பழைய கொலையை அளவுநாடாவையும் புகைப்படங்களையும் வைத்து மீட்டெடுப்பார்கள். அங்கே எழுத்துகளும் உதவா. அவர்கள் கண் போகும் இடத்துக்கெல்லாம் உங்கள் கண்ணும் போகட்டும். அதே பகுதியில் டிஏஞ்சலோ பையன்களிடம் சொல்லும் கதையை அந்தச் சமையலறையோடு பொருத்திப் பாருங்கள்.