மீன்தூளைக் குறைத்தால் மீனின் உடம்புக்கு என்ன ஆகும்? – கேள்வி பதில்

மீனைக் காயவைத்து அரைத்த மீன்தூள் விலை ஏறியதிலிருந்து சோயா, பிண்ணாக்கு, புழு, இலை என்று ஆளாளுக்கு ஒன்றைத் தீனில் கலக்கிறோம், ஆனால் அதைத் தின்ற மீனின் குடலும் ஈரலும் எப்படி இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு என்று போன கிழமை எழுதியிருந்தேன். அதற்குக் கனபேர் கேள்வி அனுப்பினீர்கள். கனகாலம் தீன் ஆய்வுகூடத்தில் வேலை செய்துவிட்டு இப்போது யாழ்ப்பாணத்து அரியாலையில் வீட்டுக்குப் பின்னால் தொட்டி கட்டித் திலாப்பியாவும் கொடுவாவும் வளர்க்கிறேன், அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி (சாவகச்சேரி): அக்கா, சீமெந்துத் தொட்டியில் திலாப்பியா. ஆறு மாதமாகச் சோயா, தவிடு, எள்ளுப் பிண்ணாக்கு கலந்து நானே தீன் செய்கிறேன், மீன்தூள் துளியும் இல்லை. இப்போது பத்துக்கு ஒன்று முதுகு வளைந்து நிற்கிறது. அண்ணரும் இதே தீனைத்தான் தன் குளத்தில் போடுகிறார், அங்கே ஒரு மீனுக்கும் இல்லை. என் கிணற்றுத் தண்ணியில் ஏதும் பிழையா?

தம்பி, தண்ணியில் பிழை இல்லை. உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. அண்ணரின் குளத்தில் பாசி இருக்கிறது, அடிச் சேற்றில் புழு இருக்கிறது, தண்ணியில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் உயிர் இருக்கிறது. திலாப்பியா நாள் முழுக்க அதை மேய்ந்து தீனில் இல்லாததைத் தேடிக்கொள்ளும். உங்கள் தொட்டியில் நீங்கள் போடுவதைத் தவிர அதற்கு வேறு ஒன்றும் கிடையாது. ஒரே தீன் குளத்தில் நல்ல தீனாகவும் தொட்டியில் கெட்ட தீனாகவும் இருக்கலாம், இதை மறக்கவே வேண்டாம்.

முதல் சந்தேகம் பொஸ்பரசு. எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணியில் கல்சியத்துக்குக் குறைவில்லை, மீன் அதைச் செவுள் வழியாகவே எடுத்துக்கொள்ளும். பொஸ்பரசு அப்படியல்ல, அது தீனிலிருந்துதான் வரவேண்டும். சோயாவிலும் தவிட்டிலும் எள்ளிலும் பொஸ்பரசு நிறைய இருக்கிறது என்று பட்டியல் காட்டும், ஆனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு ஃபைற்றேற் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது, அந்தப் பூட்டைத் திறக்கிற நொதியம் மீனின் வயிற்றில் போதுமான அளவு இல்லை. நாகம் (சிங்க்) என்ற தாதுச் சத்தையும் அதே ஃபைற்றேற் பிடித்துவைத்துக்கொள்ளும். எலும்பு வலுவில்லாமல் வளரும், பிறகு வளையும். மீன்தூளில் முள்ளும் சேர்ந்தே அரைபடுவதால் இந்தப் பிரச்சினை வருவதில்லை. கோழித் தீனுக்குப் போடுகிற டைகல்சியம் பொஸ்பேற்றை 100 கிலோவுக்கு ஒன்றரை, இரண்டு கிலோ சேருங்கள்.

இரண்டாவது சந்தேகம் விற்றமின் சி. நீங்கள் தீனை வெயிலில் காயவைக்கிறீர்களா? வெயிலிலும் சூட்டிலும் முதலில் போவது அதுதான், அது குறைந்தாலும் இதே வளைவுதான் வரும். சூடு தாங்குகிற வகை விற்றமின் சி சேர்த்த கலவை தீன் மருந்துக் கடைகளில் கிடைக்கும். வளைந்த மீன் இனி நிமிராது, அவற்றை முதலில் பிடித்து விற்றுவிடுங்கள், சாப்பிடுவதற்குக் கேடில்லை.

கேள்வி (கிளிநொச்சி): சோயாவை வாங்கி அப்படியே மில்லில் அரைத்துப் போடலாமா? புரதம் கூட என்கிறார்கள்.

பச்சையாக வேண்டாம். பச்சைச் சோயாவில் புரதத்தைச் செரிக்கவிடாமல் தடுக்கிற பொருள் இருக்கிறது, ட்ரிப்சின் தடுப்பி என்பார்கள். மீன் வயிறு நிறையத் தின்னும், வளராது. ஊறவைத்து நன்றாக அவித்தாலோ வறுத்தாலோ அது போய்விடும். நாங்கள் கறி வைக்கிற சோயாமீற்கூட எண்ணெய் நீக்கிய சோயா மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் போட்டு எடுத்ததுதான்.

சூட்டுக்குப் போகாத ஒன்றும் சோயாவில் உண்டு, சப்போனின் என்ற நுரைக்கிற பொருள். இதன் கதையை நோர்வேக்காரர்தான் வடிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். அங்கே 1990இல் சால்மன் தீனில் பத்துக்கு ஒன்பது பங்கு மீன்தூளும் மீன் எண்ணெயும், 2013இல் அது பத்துக்கு மூன்றாக இறங்கிவிட்டது, மிச்சமெல்லாம் செடியிலிருந்து வருவது. அந்த மாற்றத்தின் நடுவில் சால்மனின் குடலின் கடைசிப் பகுதி அழற்சி பிடித்தது. உட்சுவரில் சத்தை உறிஞ்சுகிற மடிப்புகள் குட்டையாகித் தடித்துப்போயின. காரணத்தைத் தேடினவர்கள் கடைசியில் சப்போனினில் வந்து நின்றார்கள். மதுசாரத்தில் கழுவி எடுத்த சோயாப் புரதச் செறிவில் சப்போனின் மிகக் குறைவு, அதனால் அதைச் சால்மனின் குடல் தாங்குகிறது. சோயாவோடு மீதேன் வாயுவில் வளர்த்த ஒருவகை பக்டீரியாத் தூளைக் கலந்து கொடுத்தபோது அந்த அழற்சியே வராமல் போனது என்றும் கண்டிருக்கிறார்கள். இன்னும் எங்கள் பக்கம் வராத சாமான் அது, ஆனால் எனக்கு மிகவும் நம்பிக்கை தருகிற சாமான்.

திலாப்பியாவுக்குச் சால்மனைப்போல மென்மையான குடல் இல்லை, செடி தின்னவே பிறந்தது. அவித்த சோயாவை அது நன்றாகத் தாங்கும். கொடுவா வேறு சாதி.

கேள்வி (மண்டைதீவு): நான் கூட்டில் கொடுவா வளர்க்கிறேன். சூடையும் நெத்தலியும் வெட்டிப் போட்டு வந்தேன். இப்போது சில மீன் சுழன்று சுழன்று நீந்திச் சாகிறது. தீனுக்கு மாற்றச் சொல்கிறார்கள், மாற்றினால் சோயாத் தீனில் கொடுவாவின் ஈரல் கெட்டுவிடும் என்று இன்னொருவர் சொல்கிறார். யாரை நம்புவது?

இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

சுழல்வதற்குப் பல காரணம் உண்டு, நரம்பைத் தாக்குகிற வைரசும் அதில் ஒன்று, குஞ்சு சின்னனாக இருந்தால் முதலில் அதைச் சோதிக்க வேண்டும். வளர்ந்த மீன் என்றால் நான் உங்கள் சூடையைத்தான் சந்தேகப்படுவேன். சூடை, நெத்தலிச் சாதிகள் பலவற்றின் பச்சை உடம்பில் விற்றமின் பி1ஐ உடைக்கிற நொதியம் இருக்கிறது. மாதக்கணக்கில் அதையே போட்டால் கொடுவாவுக்கு பி1 பற்றாமல் நரம்பு தளரும். அவித்தால் அந்த நொதியம் செத்துவிடும். இன்றைக்கே செய்யக்கூடியது அதுதான்: அவித்து, ஆறவைத்து, மேலே விற்றமின் கலவை தூவிப் போடுங்கள்.

அப்புறம் மெல்ல மெல்லத் தீனுக்கு வாருங்கள். முதல் கிழமை நாலில் ஒரு பங்கு தீன், அடுத்த கிழமை பாதி, இப்படி. மீனைப் பருமன் பார்த்துப் பிரித்துவிடுங்கள், பசித்த கொடுவா பக்கத்தில் நிற்கும் சின்னதைத் தின்றுவிடும்.

ஈரல் கதைக்கு வருகிறேன். கொடுவா இறைச்சி தின்னி, அதற்கு 40 முதல் 45 சதவீதம் புரதம் வேண்டும், திலாப்பியாவுக்கு 30 அளவில் போதும். மீனிலும் இறாலிலும் இருக்கிற டோரின் என்ற பொருள் செடியில் கிடையாது. யப்பானில் மீன்தூளை மிகவும் குறைத்துச் சோயாவில் வளர்த்த கடல்மீன்களுக்கு ஈரல் பச்சை நிறமாகிப்போனது, பித்தநீரின் நிறம் அது. டோரின் சேர்த்துக் கொடுத்ததும் தெளிந்தது. ஆகவே சோயா இருப்பதற்காகத் தீனை ஒதுக்காதீர்கள், டோரினும் மெதியோனின் என்ற புரதக் கூறும் சேர்த்திருக்கிறதா என்று பையின் பின்பக்கத்தைப் படியுங்கள். புரதம் 42 என்று முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது அந்தப் புரதம் எதிலிருந்து வந்தது என்பதைச் சொல்லாது. திலாப்பியாத் தீன் மலிவு என்று கொடுவாவுக்குப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி (திருநெல்வேலி, யாழ்ப்பாணம்): கறுப்புச் சிப்பாய் ஈப் புழு வளர்த்து மீனுக்குப் போட விருப்பம். மரக்கறிச் சந்தைக் கழிவு நிறையக் கிடைக்கிறது. புழு தின்ற மீனைச் சாப்பிடலாமா என்று அம்மா கேட்கிறா.

அம்மாவிடம் சொல்லுங்கள், ஆற்றிலும் குளத்திலும் மீன் எப்போதுமே புழுவும் பூச்சியும்தான் தின்கிறது. ஐரோப்பிய ஒன்றியமே 2017 யூலையிலிருந்து மீன் தீனில் பூச்சிப் புரதத்தை அனுமதித்திருக்கிறது. ஆனால் புழுவுக்கு என்ன கொடுக்கலாம் என்பதில் அவர்கள் கண்டிப்பு: சாணமும் சாப்பாட்டுக்கடை மிச்சமும் கூடாது. நாங்களும் கவனமாக இருக்க ஒரு காரணம் இருக்கிறது. இந்தப் புழு தான் தின்பதிலுள்ள கட்மியம் என்ற நச்சு உலோகத்தை உடம்பில் சேர்த்துவைக்கும். சந்தைக் கழிவில் மரக்கறியை மட்டும் எடுங்கள், பற்றரி கிடந்த குப்பை, வீதியோரக் குப்பை எதுவும் வேண்டாம்.

உடம்புக்கு நல்லதா என்றால், அளவோடு நல்லது. காய்ந்த புழுவில் புரதம் 40 சதவீதம் அளவில் இருக்கிறது, கொழுப்பும் 30 வரை போகலாம். அந்தக் கொழுப்பில் பெரும்பங்கு லோரிக் அமிலம், எங்கள் தேங்காயெண்ணெயில் இருக்கிற அதே சாமான், கெட்ட பக்டீரியாவை அடக்கும். தோலில் கைற்றின் என்ற கடினமான பொருள் இருக்கிறது, கூடிப்போனால் செரிமானம் குறையும். மீன்தூளில் நாலில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புழுத்தூளைப் போட்டுத் தொடங்குங்கள், முழுவதையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம்.

ஒன்றில் மட்டும் மிகக் கவனம்: கொழுப்பு காறல் பிடிக்கக் கூடாது. பூச்சித் தீன் புதிது என்று நினைக்கிறோம், யப்பானில் பட்டுப்பூச்சியின் கூட்டுப்புழுவை மீனுக்குக் கொடுத்து வந்தார்கள். பழசாகி எண்ணெய் காறிப்போன கூட்டுப்புழுவைத் தின்ற கெண்டைக்கு முதுகுச் சதை கரைந்து, மேலேயிருந்து பார்த்தால் கத்தி விளிம்புபோல ஆனது. விற்றமின் ஈ சேர்த்துத்தான் தடுத்தார்கள். புழுவைக் காயவைத்தால் எண்ணெயைப் பிழிந்துவிடுங்கள், இல்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து இரண்டு கிழமைக்குள் முடியுங்கள். தவிட்டுக்கும் இது பொருந்தும், அரைத்த தவிடு நாங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் காறும்.

கேள்வி (உடுவில்): நிலக்கடலைப் பிண்ணாக்கு மலிவாக வந்தது. ஓரத்தில் கொஞ்சம் பூஞ்சணம், வெயிலில் போட்டுத் தட்டினால் சரிதானே?

இல்லை, இல்லை, இல்லை. இதை நான் என் கையாலேயே செய்து கெட்டவள். முதல் வருசம் மார்கழி மழையில் ஒரு வியாபாரியிடம் இரண்டு மூடை வாங்கினேன், மூடையின் அடியில் பச்சையும் சாம்பலுமாக ஒரு படலம், வெயிலில் விரித்துத் தட்டிப் பாவித்தேன். பூஞ்சணம் தட்டினால் போகும், அது விட்டுப்போன அஃப்லாரொக்சின் என்ற நஞ்சு போகாது, வெயிலும் அவியலும் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. மீன் உடனே சாகவில்லை. தீனுக்கு மேலே வர மறுத்தது, மெலிந்தது, நான் தண்ணியைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்து ஒன்றை வெட்டினபோது ஈரல் வெளிறி, தொட்டால் பொடிகிற மாதிரி இருந்தது. 1960இல் அமெரிக்காவில் குஞ்சுப் பண்ணைகளின் ட்ரவுற் மீன்களுக்குக் கூட்டம் கூட்டமாக ஈரல் புற்றுநோய் வந்ததும் பூஞ்சணம் பிடித்த பருத்திவிதைப் பிண்ணாக்கால்தான். அந்த மூடையை மாட்டுக்கும் போடாதீர்கள், நஞ்சு பாலில் வரும். புதைத்துவிடுங்கள்.

நல்ல பிண்ணாக்கு என்றால் எள்ளையும் சோயாவையும் சேர்த்துப் போடுங்கள். எள்ளில் மெதியோனின் கூட, லைசின் என்ற இன்னொரு புரதக் கூறு குறைவு, சோயாவில் அது மறுபக்கம். ஒன்றின் குறையை மற்றது நிரப்பும்.

கேள்வி (புங்குடுதீவு): அசோலா, முருங்கையிலை, இப்பில் இப்பில் இலை?

அசோலா தண்ணியில் மிதக்கிற சின்னச் செடி, அதில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணி, திலாப்பியாவுக்குப் பக்கத் தீனாகப் போடலாம், அதை நம்பி வளர்க்க முடியாது. முருங்கையிலை காயவைத்துக் கொஞ்சம் சேர்க்கலாம். இப்பில் இப்பிலில் மிமோசின் என்ற நஞ்சு இருக்கிறது, ஊறவைத்து அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டுக் காயவைத்தால் குறையும். மரவள்ளி இலையைப் பச்சையாகப் போடவே வேண்டாம்.

கேள்வி (ஊர்காவற்றுறை): கடலட்டைக்கு எந்தத் தீன் நல்லது?

கடலில் அடைத்து வளர்ப்பதென்றால் எதுவும் வேண்டாம். அது மணலைத் தின்று அதிலுள்ளதை எடுத்துக்கொள்ளும். தீன் கொட்டினால் அடி மண் அழுகும்.

கேள்வி (லண்டனிலிருந்து ஒரு அண்ணா): சோயா தின்ற மீனில் ஒமேகா 3 இருக்குமா? ஊரில் பிள்ளைகளுக்கு அதைத்தானே வாங்குகிறார்கள்.

குறையும். கடல்மீனுக்கு அதைத் தானே செய்துகொள்ளத் தெரியாது, தீனில் மீன் எண்ணெயோ பாசி எண்ணெயோ இருந்தால்தான் உடம்பில் வரும். ஸ்கொட்லாந்துச் சால்மனில் 2006இலிருந்து 2015க்குள் அது பாதியாகிப்போனது. பிள்ளைகளுக்கென்றால் பண்ணை மீனைவிடச் சூடை மலிவும் நல்லதும், அவித்தோ பொரித்தோ கொடுக்கட்டும்.

கேள்வி (சாவகச்சேரி, முதல் கேட்ட தம்பி): ஆய்வுகூடம் இல்லாமல் குடலும் ஈரலும் பார்ப்பது எப்படி?

தீனை மாற்றி நாலு கிழமையில் ஒரு மீனைப் பிடியுங்கள், சாகக் கிடப்பதை அல்ல, நன்றாக நீந்துகிறதை. ஐஸ் தண்ணியில் போட்டு, தலையில் தட்டி, துள்ளல் முழுதாக அடங்கினபிறகு மலவாயில் சின்னக் கத்தரிக்கோலின் மழுங்கல் நுனியை விட்டு, நுனியை மேல்நோக்கிப் பிடித்தபடி செவுள்வரை வெட்டுங்கள், கீழே குத்தினால் குடல் கிழிந்துவிடும். பக்கத் தோலைத் தூக்கினால் திலாப்பியாவின் குடல் நூல்கண்டுபோலச் சுருண்டு கிடக்கும். அதை மெதுவாக இழுத்து ஒரு வெள்ளைத் தட்டில் நீட்டுங்கள். சுவர் ஓரளவு தடிப்பாக, உள்ளே தீன் ஒரே நிறத்தில் நிறைந்திருந்தால் நல்லது. கண்ணாடிபோல மெலிந்து, உள்ளே மஞ்சள் சளி மட்டும் என்றாலோ, கடைசி விரற்கடைப் பகுதி சிவந்திருந்தாலோ தீனைச் சந்தேகப்படுங்கள். நான் சொன்ன மடிப்புக் குட்டையாவது நுணுக்குக்காட்டியில்தான் தெரியும், அதற்கு ஒரு துண்டை வெட்டி ஃபோர்மலினில் போட்டு ஆய்வுகூடத்தில் கொடுக்கவேண்டும்.

ஈரல் செங்கபில நிறத்தில் விளிம்பு கூர்மையாக இருக்கவேண்டும். வெளிறி எண்ணெய் ஒட்டினால் கொழுப்புக் கூடிவிட்டது. பச்சை ஓடியிருந்தால் பித்தப்பை வெட்டுப்பட்டதா என்று முதலில் பாருங்கள், நானே ஒருமுறை அதில் ஏமாந்திருக்கிறேன். தொட்டியில் வெள்ளை நூல்போல மலம் மிதக்கிறதா என்று தினம் காலையில் தீன் போடுவதற்கு முன் பாருங்கள்.

படம் அனுப்புகிறவர்கள் பகல் வெளிச்சத்தில் நிழலில் வைத்து எடுங்கள், ரோச் லைற்றில் எடுத்தால் எல்லா ஈரலும் மஞ்சளாகத்தான் தெரியும்.